ஜலால் சொல்லாத வார்த்தை

நான் பொய் சொன்னேன்.

வாய் தவறிச் சொன்னதல்ல, மறதியில் சொன்னதும் அல்ல. ஒருவன் சொல்லவே சொல்லாத வார்த்தையை அவன் சொன்னதாக, கோட்டும் டையும் அணிந்து, முகத்தில் பவுடர் பூசிக்கொண்டு, தொலைக்காட்சிக் காமிராவைப் பார்த்துச் சொன்னேன். அந்த வார்த்தையால் வங்கதேச ராணுவத்தின் தலைமைத் தளபதி பதவி அவனுக்குக் கிடைக்காமல் போனது. பதவி போனால் போகிறது, எனக்கும்தான் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை... ஆனால் அவன் பேரும் போய்விட்டது. அதை யார் திருப்பிக் கொடுப்பது?

என் பெயர் சங்கரலிங்கம். பிரிகேடியராக ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். டெல்லி மயூர் விஹாரில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பின் நான்காவது மாடியில் இப்போது தனியாக இருக்கிறேன். தனியாக ஏன் இருக்கிறேன் என்பதும் இதே பொய்யின் கதைதான்.

அவன் பெயர் ஜலால். பல வருடங்களுக்கு முன்பு டெல்லியில் மூத்த ராணுவ அதிகாரிகளுக்கான ஒரு வருடப் படிப்பில் நாங்கள் இருவரும் மாணவர்கள். அண்டை நாடுகளிலிருந்தும் அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து படிப்பார்கள். அப்படி வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் இந்திய அதிகாரியைத் துணையாகப் போடுவது வழக்கம். அவருக்கு ஸ்பான்ஸர் என்று பெயர். பெயர்தான் பெரிது! வேலை என்னவோ கேஸ் சிலிண்டருக்கு ஏற்பாடு செய்வது, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் பிடிப்பது, சரோஜினி நகரில் எந்தக் கடைக்காரன் பாதி விலைக்கு இறங்கி வருவான் என்று சொல்லிக் கொடுப்பது. ஜலாலுக்கு நான் ஸ்பான்ஸர். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் ஒரே ரேங்க். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

என் மனைவி செண்பகமும் அவன் மனைவி நஸ்ரீனும் இரண்டு வாரத்தில் அக்கா தங்கை ஆகிவிட்டார்கள். ஜலால் என்னைத் தாதா என்பான். வங்காளத்தில் அதற்கு அண்ணன் என்று பொருள். நம் ஊரில் யாரைத் தாதா என்பார்கள் என்று செண்பகம் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் விளக்கியபோது நஸ்ரீன் சிரித்த சிரிப்பில் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜலாலும் நானும் சித்தரஞ்சன் பார்க் மீன் மார்க்கெட்டுக்குப் போய் இலிஷ் மீன் வாங்கி வருவோம். அவனே உட்கார்ந்து சுத்தம் செய்வான். முதல் தடவை செண்பகம் அதைத் திருநெல்வேலிப் பக்குவத்தில் புளிக்குழம்பு வைத்துவிட்டாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “பௌதி, எங்கள் ஊரில் இதற்கு ஜெயில் தண்டனை!” என்றான். அண்ணியை அவர்கள் பௌதி என்பார்கள். அப்புறம் அந்தக் குழம்பை மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அவர்கள் டாக்காவுக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம் கடைசி விருந்து எங்கள் வீட்டில். சமையலறையில் செண்பகம் அடுப்பருகே நிற்கிறாள். ஜலால் மீன் கழுவிக்கொண்டிருக்கிறான். நான் வாசற்படியில் சாய்ந்து நின்றபடி விளையாட்டாகக் கேட்டேன்: “நாளைக்கு நீ உன் நாட்டுத் தளபதி ஆனால் முதல் போன் யாருக்குப் போடுவாய்? எனக்குத்தானே?”

கேட்டது நான். நன்றாகக் கவனியுங்கள், கேட்டது நான்தான்!

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். “இல்லை தாதா. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உங்களுக்கு ஈத் வாழ்த்துகூடச் சொல்ல மாட்டேன். வருத்தப்படாதீர்கள். என் நாட்டில் அந்த நாற்காலியில் இருக்கிறவன் யாருக்கும் சிநேகிதனாக இருக்கக் கூடாது. டெல்லிக்கு மட்டும் இருக்கவே கூடாது” என்றான்.

எங்களுக்குள் பேச்சு ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்துதான். செண்பகத்துக்கு அது முழுக்கப் புரிந்தது. “சரியாத்தான சொல்லுதாரு” என்றாள் அடுப்பைப் பார்த்தபடி.

எனக்குச் சுருக்கென்றது. விளையாட்டுக்காவது ஆமாம் என்று சொல்லியிருக்கலாமே! ஒரு வருடம் என் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவன்... அன்று அப்படித்தான் நினைத்தேன். அவன் எவ்வளவு நேர்மையாகப் பேசினான் என்பது இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய?

அவன் ஊர் திரும்பினான். வருடங்கள் ஓடின. ஜலால் படிப்படியாக மேலே போனான். ஒவ்வொரு உயர்வும் நஸ்ரீன் வழியாகச் செண்பகத்துக்கு வந்து, செண்பகம் வழியாக எனக்கு வரும். என்னைப் பதவி உயர்வுக் குழு ஒருமுறை தாண்டிப் போனது. மறுமுறையும் தாண்டிப் போனது. பிரிகேடியராகவே பிரிவு விருந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அவன் லெப்டினன்ட் ஜெனரல் ஆனான். செண்பகம் அன்று கேசரி கிண்டினாள். நான் சர்க்கரையைக் காரணம் சொல்லிச் சாப்பிடவில்லை.

பொறாமையா என்று கேட்கிறீர்களா? ஆமாம், பொறாமைதான். இத்தனை சொன்னபிறகு இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

ஓய்வு பெற்ற அதிகாரியின் வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சுவர் நிறையக் கேடயங்கள் இருக்கும். போன் மட்டும் அடிக்காது. நேற்றுவரை நான் நடந்தால் ஒரு முகாமே எழுந்து நின்றது. இன்று குடியிருப்புச் சங்கத்துக் கூட்டத்தில் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேச எழுந்தால், “பைட்டியே அங்கிள்” என்று உட்காரச் சொல்கிறார்கள். மகள் கவிதா பெங்களூரில் வேலை, அவளுக்கு நேரமில்லை. செண்பகத்துக்குக் கோயிலும் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. எனக்கு யார் இருந்தார்கள்? காலையில் பால்காரன், மாலையில் நடைப்பயிற்சி. இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்தப் பெரிய பகலை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் வங்கதேசம் கொதித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஊரடங்கு, துப்பாக்கிச் சூடு, ஆட்டம் கண்ட அரசாங்கம். அந்த அரசாங்கத்துக்கு முட்டுக்கொடுப்பது டெல்லிதான் என்று தெருவெல்லாம் கோபம். தளபதி மாறப் போகிறார், அடுத்தவர் ஜலாலாக இருக்கலாம் என்று செய்திகள் வந்தன. டெல்லிச் சேனல்களுக்கு இது போதாதா! ஓய்வு பெற்ற ராணுவக்காரர்களையெல்லாம் தூசு தட்டி எடுத்துக் காமிரா முன்னால் உட்கார வைக்கத் தொடங்கினார்கள்.

அந்த வாரமே நஸ்ரீன் செண்பகத்தை அழைத்தாள். பக்கத்தில் இருந்து நானும் கேட்டேன். “பௌதி, தாதாவிடம் சொல்லுங்கள். யார் கேட்டாலும் இவர் பேரை எடுக்க வேண்டாம். இந்த நேரத்தில் டெல்லியில் இவரைப் பாராட்டினால் போதும், இங்கே இவருக்கு வேறு எதிரியே தேவையில்லை.”

நான் தலையாட்டினேன். “அச்சா, அச்சா, எனக்குத் தெரியாதா?” என்றேன். தெரிந்துதானே இருந்தது! தெரியாமல் செய்தவனுக்காவது மன்னிப்பு உண்டு.

இரண்டு நாள் கழித்து ஒரு சேனலிலிருந்து அழைப்பு. கார் அனுப்புகிறோம் என்றார்கள். பொதுவான நிலவரம் மட்டும்தான் பேசப் போகிறேன் என்று செண்பகத்திடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நொய்டா ஸ்டூடியோ எங்கள் வீட்டுக்கு மிகவும் பக்கம். அங்கே ஒரு பெண் என் முகத்தில் பவுடர் போட்டுவிட்டாள். வாசலில் நின்ற காவலாளி எனக்குச் சல்யூட் அடித்தான். எத்தனை நாளாயிற்று அப்படி ஒரு சல்யூட் பார்த்து! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலை விவாதம் தொடங்கியது. திரையில் ஆளுக்கொரு கட்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நிகழ்ச்சி முடியப் போகிறது, நான் வாயைத் திறக்கவே இல்லை. பக்கத்துக் கட்டத்தில் இருந்த ஓய்வு பெற்ற தூதர் ஒருவர் நக்கலாகச் சிரித்தார். “இந்த ஜெனரலைப் பற்றி எல்லாரும் பேசுகிறோமே, இங்கே அவரை நேரில் பார்த்தவர் யாராவது உண்டா?”

“நான்!” என்றேன்.

எல்லாச் சத்தமும் அடங்கியது. தொகுப்பாளர் என் பக்கம் திரும்பினார். “போலியே பிரிகேடியர் சாப்!” என்று பேசச் சொன்னார்.

சொன்னேன். அவனுக்கு நான்தான் ஸ்பான்ஸர் என்றேன். ஒரு வருடம் என் வீட்டில் சாப்பிட்டவன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஏதாவது கொடு என்று அந்த அமைதி கேட்டது. “என் சமையலறையில் நின்று அவர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். தளபதி ஆனால் முதல் போன் டெல்லிக்குத்தான், தாதா, உங்களுக்குத்தான் என்று சொன்னார். அவர் நம்முடைய ஆள். அவர் வந்தால் டெல்லி நிம்மதியாகத் தூங்கலாம்” என்றேன்.

அவன் ‘மாட்டேன்’ என்றதை நான் ‘செய்வேன்’ என்று மாற்றினேன். என் கேள்வியை எடுத்து அவன் வாயில் வைத்தேன். எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா!

திரும்பி வந்தபோது லிஃப்டில் இரண்டாம் மாடி சர்மா கையைப் பிடித்துக் குலுக்கினார். “க்யா பாத் ஹை சாப்!” பிரமாதம் என்கிறார். உச்சி குளிர்ந்துபோய் வீட்டுக்குள் நுழைந்தேன். செண்பகம் டிவியை அணைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“அவரு அப்படியா சொன்னாரு?”

நான் ஷூவைக் கழற்றினேன்.

“மாட்டேன்னுல்லா சொன்னாரு. நான் அடுப்படியிலதான நின்னேன். என்னத்துக்கு இப்படிச் சொல்லிட்டு வந்திருக்கீய?”

“டிவின்னா எல்லாம் அப்படித்தான். நாளைக்கு வேற செய்தி வந்துரும். யாரு இதைக் கவனிக்கப் போறா?”

கவனித்தார்கள். அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி, அடியில் வங்காள எழுத்துப் போட்டு, அங்கே கைக்குக் கை அனுப்பிவிட்டார்கள். டாக்கா சுவர்களில் அவன் படம் ஏறியது. கீழே ‘டெல்லியின் ஜெனரல்’ என்று எழுதியிருந்தார்களாம். அவன் வீட்டு வாசலில் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. தன் படைக்குக் கீழே இருந்த பகுதியில், பிள்ளைகளைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவன் அவன்! அந்தப் பிள்ளைகள் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டியவனை அதே பிள்ளைகள் கல்லால் அடித்தார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது நான், கெட்டது அவன்.

தளபதியாக வேறொருவர் வந்தார். ஜலாலைக் கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள். விசாரணை முடியும்வரை வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று வாசலில் காவல் போட்டார்கள். அவன் ஒரே ஓர் அறிக்கை விட்டான். அப்படி ஒரு வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை என்று மட்டும் அதில் இருந்தது. என்னைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பொய்யன் என்று திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சேனலிலிருந்து மறுபடி அழைத்தார்கள். உங்கள் நண்பர் மறுக்கிறாரே, வந்து பதில் சொல்லுங்கள் என்றார்கள்.

இங்கேதான் உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. முதல் நாள் சொன்னதை வாய்க்கொழுப்பு என்று நீங்கள் மன்னிக்கக்கூடும். இரண்டாம் நாள்? அன்று உண்மையைச் சொல்லத்தான் போனேன், சத்தியமாக! “நான் சொன்னது தவறு, அவர் சொன்னது இதற்கு நேர் எதிர்” என்ற வாக்கியத்தைக் காரில் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். செண்பகமும் அதை நம்பித்தான் அனுப்பினாள்.

தொகுப்பாளர் கேட்டார். “பிரிகேடியர் சாப், அப்படியானால் நீங்கள் பொய் சொன்னீர்களா?”

அந்த ஒரு சொல்... பொய். வாழ்நாளெல்லாம் சீருடை போட்டவனைப் பார்த்து, நாடே கேட்கும்படி அந்தச் சொல். என் வாய் தானாகத் திறந்தது. நிதானமாக, பெரிய மனிதன் தோரணையில், லேசாகச் சிரித்துக்கொண்டே சொன்னேன்: “அவருடைய நிலைமை எனக்குப் புரிகிறது. இந்தச் சூழ்நிலையில் அவர் மறுக்கத்தான் வேண்டும்.”

புரிகிறதா உங்களுக்கு? அவன் கையில் இருந்தது அந்த மறுப்பு ஒன்றுதான். அதையும் நான் பிடுங்கிவிட்டேன். இனி எத்தனை முறை மறுத்தாலும், பார், மறுக்கத்தானே செய்வான் என்றுதான் ஊர் சொல்லும். பெருந்தன்மையாகப் பேசினீர்கள் என்று சேனல்காரர்கள் என்னைப் பாராட்டினார்கள். அதற்கப்புறம் என் பெயருக்குக் கீழே வங்கதேச நிபுணர் என்று போட ஆரம்பித்தார்கள்.

சில மாதங்கள் போயின. ஒரு மதியம் நஸ்ரீன் அழைத்தாள், இந்த முறை என் எண்ணுக்கு. நலம் விசாரிக்கவில்லை. திட்டவும் இல்லை. குரல் மிகவும் களைத்திருந்தது.

“தாதா, ஒரே ஒரு கேள்வி. இனி எதுவும் மாறப் போவதில்லை, அதனால் பயப்படாமல் சொல்லுங்கள். இவர் அதைச் சொன்னாரா? சொல்லவே இல்லை என்கிறார். சிநேகிதர் எதற்குப் பொய் சொல்லப் போகிறார் என்று ஊரெல்லாம் கேட்கிறார்கள். எனக்கும்... எனக்கும் அப்படித் தோன்ற ஆரம்பித்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறோம், தாதா. இவரை நான் நம்ப வேண்டும். சொல்லுங்கள்.”

செண்பகம் எதிரில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. என்னையே பார்த்தாள்.

காமிரா இல்லை. தொகுப்பாளர் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தது இரண்டு பெண்கள் மட்டும். ‘இல்லை’ என்று ஒரு சொல் போதும். ஏன் வரவில்லை? நஸ்ரீன் என்னை என்ன நினைப்பாள் என்றா பயந்தேன்? எல்லாவற்றையும் இழந்து நின்றவளிடம்கூட நல்ல பெயர் வாங்க ஆசைப்பட்டேனா? எனக்கே தெரியவில்லை.

“விளையாட்டாகத்தான் சொன்னான், நஸ்ரீன். அவனுக்கு மறந்திருக்கும்” என்றேன்.

“அச்சா” என்றாள். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள்.

செண்பகம் சண்டை போடவில்லை. கீரையை ஆய்ந்து முடித்தாள், சமைத்தாள், பரிமாறினாள். அந்த வாரக் கடைசியில் கவிதாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெங்களூருக்குக் கிளம்பினாள். ஸ்டேஷனில் பெட்டியை ஏற்றிவிட்டு எப்போது வருவாய் என்று கேட்டேன்.

“நஸ்ரீனுக்கு ஒரு போன் போட்டு உள்ளதைச் சொல்லுங்க. அன்னைக்கே டிக்கெட் எடுத்து வந்துருதேன்” என்றாள்.

“நீயே சொல்லிரலாமே? நீயும் கேட்டேல்லா?”

“நான் சொன்னா உங்களைக் காட்டிக் கொடுத்தது மாதிரி ஆயிரும். நீங்க சொன்னாத்தான் அவரு மீளுவாரு” என்றாள். வண்டி புறப்பட்டது.

அதன் பிறகு ஒரு தீபாவளி போய்விட்டது. ஒரு குளிர்காலமும் போய்விட்டது. செண்பகம் தினமும் போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள், மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறாள். மற்றதைக் கேட்பதில்லை. நான் என்ன சாப்பிட்டேன் என்று சொல்கிறேன். பாதி நாள் அதுவும் பொய். பிரெட்டைத் தின்றுவிட்டு ரசம் வைத்தேன் என்கிறேன். சேனல்காரர்களுக்கு இப்போது வேறு நாடுகள் கிடைத்துவிட்டன. என்னை அழைத்தும் நாளாகிறது. செண்பகத்தின் போனை வைத்த பிறகு வீட்டில் கேட்கிற ஒரே மனிதக் குரல் என் இருமல்தான்.

நஸ்ரீன் எண் என் போனில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன், வைத்துவிடுகிறேன். அங்கே ஒரு வீட்டில், மனைவியின் சந்தேகத்துக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் ஜலால். அவன் சொல்லாததைச் சொன்னவனாகவே அவளுக்கு இருக்கிறான். எவ்வளவு தனிமையாக இருக்கும் அவனுக்கு! என்னுடையதைவிடப் பெரிய தனிமை அது. என்னுடையது நானே தேடிக்கொண்டது, அவனுடையது நான் கொடுத்தது.

இவ்வளவையும் எங்களிடம் சொன்னவனுக்கு அவளிடம் சொல்ல என்ன தடை என்று கேட்பீர்கள். இதை நான் ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம், எனக்கு அதுதான் சரளம். ஹிந்தியில் எழுதியிருந்தால் அந்தச் சேனல்காரர்களே வாங்கிப் போட்டிருப்பார்கள். தமிழில் எழுதினேன். தாய்மொழிப் பற்று என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்! டாக்காவில் எனக்குத் தெரிந்த யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. டெல்லியில் பிறந்து வளர்ந்த என் மகளுக்கே தமிழில் எழுத்துக்கூட்ட வராது. எங்கள் வீட்டில் தமிழ் படிப்பவள் செண்பகம் ஒருத்திதான். அவளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.